ஜூரோங்கில் ஒரு தக்ளி

நூல் நூற்பதும் பின்னல் போடுவதும் ஒரு சொற்பொழிவுக்குத் தாங்குமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். தாங்கும் என்று நம்பித்தான் இங்கே நிற்கிறேன். தறியில் வேலை பார்ப்பவர்களைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அவர்களுக்கு அது சோறு. பகலெல்லாம் கணக்கெழுதிவிட்டு வருகிறவர், மருத்துவமனையில் தாதியாக இருப்பவர், கப்பல் பட்டறையில் இரும்பைப் பற்றவைப்பவர், பணி ஓய்வு பெற்ற ஆசிரியை, இவர்களெல்லாம் மாலையில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டின் வரவேற்பறையில் ஊசியும் நூலுமாக உட்கார்கிறார்களே, அவர்களைப் பற்றித்தான் என் பேச்சு. பூன் லேயில் ரயிலேறி நகருக்குள் போய்ச் சேர்வதற்குள் நாலு வரிசை பின்னிவிடுகிறவர்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வயர்கூடை போடுகிறவர்கள் உண்டு. அவர்கள் காலத்தை வீணாக்குகிறார்களா? இல்லை என்பது என் கட்சி. இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன்: தொழில் கைவிட்ட அறிவையெல்லாம் இன்று சுமந்துகொண்டிருப்பவர்கள் இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள்தாம். அதைத் தொழிலாக்கு, காசாக்கு என்று அவர்களை நச்சரிக்காமல் இருப்பதே நாம் அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

இதை ஜூரோங்கில் சொல்வதற்கு ஒரு பொருத்தம் இருக்கிறது. 1961ஆம் ஆண்டில் இங்கே சதுப்பு நிலமும் இறால் குளங்களும் குன்றுகளும் இருந்தன. அன்றைய நிதியமைச்சர் டாக்டர் கோ கெங் சுவீ இங்கே தொழிற்பேட்டை வரும் என்று சொன்னபோது, இதைக் கோவின் மடமை என்றே பலர் பெயரிட்டு அழைத்தார்கள். குன்றுகள் சமமாயின, சதுப்பு நிலம் தூர்ந்தது. இரும்பாலை வந்தது, 1963இல் ஜூரோங் கப்பல் பட்டறை வந்தது, 1968இல் ஜூரோங் நகராண்மைக் கழகமும் அமைந்தது. பொருள் உற்பத்தி செய்வதற்கென்றே உண்டாக்கப்பட்ட ஊர் இது. இப்படிப்பட்ட ஊரில், ஒருபோதும் விற்பனைக்குப் போகாத ஒரு கைக்குட்டையை மூன்று வாரமாகப் பின்னிக்கொண்டிருப்பவரைப் பார்த்தால் சிரிப்பு வருவது இயல்பே. ஆனால் இதே ஜூரோங் இன்னொன்றையும் நமக்குக் காட்டுகிறது. அதைப் பார்ப்போம்.

ஜாலான் பஹாரிலிருந்து பிரியும் லோரோங் தாவாஸில் இரண்டு பழைய சூளைகள் இருக்கின்றன. டிராகன் சூளை என்று அவற்றைச் சொல்வார்கள். மேட்டுச் சரிவில் நீண்டு படுத்திருக்கும் செங்கல் கட்டடம்; கீழ் வாயில் நெருப்பு, மேல் முனையில் புகை. தௌ குவாங் சூளை 1940இல் கட்டப்பட்டது, குவான் ஹுவாட் சூளை 1958இல். சிங்கப்பூரில் இன்று எஞ்சியிருப்பவை இவை இரண்டே. அங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? பூந்தொட்டிகள் செய்தார்கள்; அதோடு ரப்பர்ப் பால் வடிக்கும் கோப்பைகளும் செய்தார்கள். மலாயாத் தோட்டங்களில் நம் முன்னோர் விடியற்காலையில் மரத்துக்கு மரம் போய்ப் பால் சேர்த்தார்களே, அந்த மண் கோப்பைகள் இத்தகைய சூளைகளில் வெந்தவை. சீனக் குயவர் பிசைந்த மண்ணைத் தமிழ்க் கை மரத்தில் கட்டியது. பிறகு தோட்டங்கள் சுருங்கின, வேறு பொருள்களில் கோப்பைகள் வந்தன, சூளைக்கு வேலை போயிற்று. இன்று ஆண்டில் சில முறை அந்தச் சூளைகளை மூட்டுகிறார்கள். உள்ளே போவது பெரும்பாலும் யாருடைய பாத்திரங்கள்? வார இறுதியில் மண் பிசைய வருகிற பொழுதுபோக்குக் குயவர்களுடைய பாத்திரங்கள். விறகை எந்தத் துளையில் எப்போது போடுவது, சுடரின் நிறத்தைப் பார்த்து உள்ளே 1200 டிகிரியைத் தாண்டிவிட்டதா என்று எப்படிக் கணிப்பது என்ற அறிவெல்லாம் தொழில் போனபின் அழிந்திருக்க வேண்டும். அழியவில்லை. அதைக் காப்பாற்றியதில் சூளையை நடத்தும் குடும்பத்தாருக்குப் பெரும் பங்கு உண்டு. அடுத்த பங்கு இந்த வார இறுதிக்காரர்களுக்கு.

நூலின் கதையும் இதுதான். இது இன்னும் நீண்ட கதை. புறநானூற்றிலும் நற்றிணையிலும் நூல் நூற்கும் பெண்கள் வருகிறார்கள். துணையில்லாத பெண்ணின் பிழைப்பாகவே அது அங்கே காட்டப்படுகிறது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும் நூல் கண்காணிப்பாளர் என்றொரு அதிகாரியை வைத்து, கைம்பெண்களுக்கும் உடல் ஊனமுற்ற பெண்களுக்கும் நூற்கும் வேலை கொடுக்கச் சொல்கிறது. ஒரு தறிக்கு நூல் கொடுக்கப் பல கைகள் வேண்டியிருந்த காலம் அது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நூற்பு இயந்திரங்கள் வந்தன. அந்தக் கைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. காந்தியடிகள் ராட்டையை மறுபடி எடுத்தபோது, நூற்கத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு நாட்டின் பொதுவறிவு மூன்று நான்கு தலைமுறைக்குள் அவ்வளவு தூரம் மறந்துபோயிருந்தது. 1925இல் அகில இந்திய நூற்போர் சங்கம் அமைந்தது. எரவாடா சிறையிலிருந்து மடித்துப் பெட்டிக்குள் வைக்கும் ராட்டை வந்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் பல கதிர்கள் ஓடும் ராட்டை ஒன்றைச் செய்தார். அவர் பெயரின் ஒரு பகுதியை ஏற்று அது அம்பர் சர்க்கா ஆயிற்று. காந்தியடிகளின் ஆதாரக் கல்விப் பள்ளிகளில் குழந்தைகள் தக்ளி என்ற சிறு கைக்கதிரைச் சுழற்றினார்கள். இந்த வரலாற்றுக்குச் சிங்கப்பூரிலும் ஒரு சாட்சி உண்டு: லிட்டில் இந்தியாவை ஒட்டிய ரேஸ் கோர்ஸ் லேனில் இருக்கும் மகாத்மா காந்தி நினைவு மண்டபம். 1950இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறந்தார்கள். அந்த எரவாடாப் பெட்டி ராட்டையை இன்று உலகெங்கும் வாங்கி வைத்துச் சுற்றுகிறவர்கள் யார்? விடுதலைப் போராட்டத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிற பொழுதுபோக்கு நூற்பாளர்கள். கதர் நிறுவனங்கள் மானியத்தை நம்பி நிற்க, ராட்டையின் நுட்பத்தை ஆசைக்காகக் கற்கிறவர்கள் வேறிடத்தில் இருக்கிறார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு, கொஞ்சம் நிம்மதியும் உண்டு.

நிற்க. முதல் எதிர்ப்பு இங்கேயே எழும். சிங்கப்பூரின் வெயிலில் பின்னலும் நூற்பும் எதற்கு? பகலில் 31, 32 டிகிரி காயும் ஊரில் ஸ்வெட்டர் யாருக்கு? நியாயமான கேள்வி. ஆனால் கேட்பவர்கள் கம்பளியை மட்டுமே மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள். பருத்தியை நினைத்துப் பாருங்கள். பருத்தி இழை ஏறக்குறைய இரண்டரை, மூன்று சென்டிமீட்டர்தான் நீளம். ஆட்டு மயிரோ அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. நீளம் குறைந்த இழை பிடித்து நிற்க வேண்டுமானால் முறுக்கு அதிகம் ஏற வேண்டும். அதனால்தான் பருத்திக்கு மெல்லிய கதிரும் வேகமான சுழற்சியும் வேண்டும். தக்ளியின் வேலை அதுதான். விரலுக்கும் விரலுக்கும் நடுவே பட்டையிலிருந்து பஞ்சு வழுகி வரும்போது, முறுக்கு குறைந்தால் நூல் கையோடு அறுந்து வந்துவிடும்; மிகுந்தால் தன்மேலேயே சுருண்டு புரி போடும். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவு. அந்த அளவைக் கண் சொல்லாது, விரல்தான் சொல்லும். காற்றில் ஈரம் இருந்தால் இந்த வேலை எளிது, ஏனென்றால் பருத்தி ஈரம் பட்டால் வலுக்கூடும் இழை. டாக்கா மஸ்லின் நூற்றவர்கள் ஈரக் காற்றுள்ள விடியற்காலையைத் தேர்ந்தெடுத்தார்கள். நூற்பாலைகள் காசு செலவழித்து உள்ளே ஈரப்பதத்தைக் கூட்டுகின்றன. சிங்கப்பூரில் விடியலில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது அன்றாடம் நடப்பது. ஆலைக்காரர் இயந்திரம் வைத்து வரவழைக்கும் காற்று நம் ஜன்னல் வழியாக இலவசமாக வருகிறது. வியர்க்கிறது என்று நாம் திட்டுகிற தட்பவெப்பம் பருத்தி நூற்பவருக்கு வரம்.

பின்னலுக்கு வருவோம். நெசவுத் துணியில் பாவு என்றும் ஊடை என்றும் இரண்டு வகை நூல். பின்னலில் ஒரே நூல். ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணி, அதற்குள் மற்றொன்று. அதனால்தான் புடவை இழுத்தால் நீளாது, பனியன் நீளும். நீங்கள் வீட்டுக்குப் போனதும் உங்கள் டி-சட்டையை ஒரு பூதக்கண்ணாடியில் பாருங்கள்; இரண்டு ஊசி வைத்துப் பின்னுகிறவர் முதல் நாள் கற்கும் அதே கண்ணிகள் வரிசையாக நிற்கும். உலகத்துக்குப் பனியன் போட்ட திருப்பூரின் இயந்திரம் செய்வதும் அந்த வேலையைத்தான். 1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ பின்னல் சட்டகத்தைச் செய்ததிலிருந்து அந்தக் கண்ணியை இயந்திரம் பழகிக்கொண்டது. ஆனால் கொக்கி ஊசி ஒன்றே ஒன்றை வைத்துப் போடும் குரோஷா இன்றளவும் கைவேலையாகவே இருக்கிறது; கடையில் மலிவு விலையில் ஒரு குரோஷாச் சட்டையைக் கண்டால், எங்கோ ஒரு கை அதற்காக மணிக்கணக்கில் அசைந்திருக்கிறது என்று பொருள். அந்தக் கைக்கு எவ்வளவு கூலி கிடைத்திருக்கும் என்ற கேள்வி குரோஷா தெரிந்தவருக்கே முதலில் தோன்றும்.

கணிதத்தை உயிராய் மதிக்கும் ஊர் இது. துணைப்பாட வகுப்புக்கு நாம் கொடுக்கும் காசே சாட்சி. ஆகவே ஒரு கணிதச் செய்தியும் சொல்கிறேன். மிகைவளைவுத் தளம் என்று வடிவியலில் ஒன்று உண்டு. இணைகோடுகள் பற்றி யூக்ளிட் சொன்னது அங்கே செல்லாது. அதைக் கையால் தொட்டுப் பார்க்க நல்ல மாதிரி இல்லாமல் கணிதப் பேராசிரியர்கள் காகிதத்தை ஒட்டி ஒட்டிக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். 1997இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற லாட்விய நாட்டுக் கணித அறிஞர் குரோஷா ஊசியை எடுத்தார். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒரு கண்ணி கூட்டிக்கொண்டே போனார். துணி கீரைபோல் சுருள் சுருளாக விரிந்தது. மடிக்கலாம், கோடு தைக்கலாம், மாணவர் கையில் கொடுக்கலாம், கிழியாது. குரோஷா தெரியாத கணிதருக்கு இந்த வழி தோன்றவில்லை; கணிதம் தெரியாத குரோஷாக்காரருக்கும் தோன்றியிருக்காது. பொழுதுபோக்கு அறிவு எங்கே எப்போது பயன்படும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இரண்டாவது எதிர்ப்பு கணக்கு நோட்டோடு வரும். பத்து வெள்ளிக்குக் கடையில் கிடைப்பதை எண்பது மணி நேரம் உட்கார்ந்து செய்வதா என்று கேட்பார்கள். சரி, கணக்கே போடுவோம். ஐந்தரை மீட்டர் நீளம், 110 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு சாதாரணப் பருத்திப் புடவை. சென்டிமீட்டருக்கு 20 பாவு இழை, 20 ஊடை இழை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாவுக்கு 12,100 மீட்டர், ஊடைக்கு 12,100 மீட்டர், ஆக மொத்தம் 24 கிலோமீட்டருக்கு மேல் நூல். ஜூரோங் ஈஸ்டிலிருந்து லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்கு நேர்கோடு போட்டுப் போய்த் திரும்பும் தூரம் அது. ராட்டையில் மணிக்கு 300 மீட்டர் நூற்கிற கை என்றால் நூலுக்கு மட்டும் 80 மணி நேரம். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஏறத்தாழ மூன்று மாதம். நெசவு அதற்கு மேல். சந்தைக் கணக்கில் இது படுநட்டம்; அதை மறுக்க எனக்கு ஆசையில்லை. ஆனால் இந்த 24 கிலோமீட்டரை நம்மில் எத்தனை பேர் அறிந்திருந்தோம்? தேக்கா மையத்தின் மாடியில் வரிசையாகத் தொங்கும் துணிகளைப் புரட்டுகிறபோது, இதற்குள் இவ்வளவு நூல் ஓடுகிறது என்று எப்போதாவது நினைத்தோமா? 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்ட ஆடைத் தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்கள் தைத்த சட்டைகளின் விலையைப் பார்த்து உலகம் அதுவரை மகிழ்ந்ததே தவிர, இவ்வளவு வேலைக்கு இந்த விலை எப்படிக் கட்டும் என்று கேட்கவில்லை. ஒரு முறையேனும் தன் கையால் ஒரு காலுறை பின்னியவருக்கு அந்தக் கேள்வி தானாக எழும். வாங்குவதால் வராத ஓர் அறிவு செய்வதால் வருகிறது. அந்த அறிவுக்குக் கட்டணம் அந்த எண்பது மணி நேரம்.

மூன்றாவது எதிர்ப்பு கனமானது, எதிர்த்தவரும் கனமானவர். 1925இல் மாடர்ன் ரிவியூ இதழில் இரவீந்திரநாத் தாகூர் ராட்டை வழிபாட்டைக் கண்டித்து ஒரு கட்டுரை எழுதினார். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் மனம் மழுங்கும். எல்லாரையும் ஒரே வேலையில் உட்காரவைப்பது மனித இயல்புக்கே எதிரானது என்பது அவர் வாதத்தின் சாரம். காந்தியடிகள் யங் இந்தியாவில் பதில் எழுதினார். கவிஞர் பாட்டை விட வேண்டாம், நாட்டுக்காக அரைமணி நேரம் நூற்கட்டும் என்ற வகையில் அந்தப் பதில் போயிற்று. யார் பக்கம் நியாயம்? என் தீர்ப்பு இது: கட்டாயத்தைப் பற்றித் தாகூர் சொன்னது முழுக்கச் சரி. வாழ்க்கை முழுதும் வேறு வழியின்றி நூற்பவரின் மனம் மழுங்கலாம். ஆனால் விரும்பி எடுத்து, அலுத்தால் கீழே வைத்துவிட்டு, நாளை வேறு பூவேலைக்குப் போகிற உரிமையுள்ளவருக்கு அந்த வாதம் பொருந்தாது. அவருக்கு அந்த ஒரே அசைவு ஓய்வு. அதோடு, ஒரே அசைவு என்பதும் வெளியிலிருந்து பார்ப்பவரின் எண்ணம். வயர்கூடையில் சாதா முடிச்சு, பிஸ்கட் முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் என்று எத்தனை! எந்த நிறத்தை எத்தனை முடிச்சுக்குப் பிறகு மாற்றினால் மூலையில் கோலம் சரியாகச் சேரும் என்று முன்பே மனத்தில் எண்ணிவைத்துத்தான் முதல் வயரையே வெட்ட முடியும். தவறினால் பிரிக்க வேண்டும். பிரிக்க அஞ்சாத மனம் மழுங்கிய மனமாக இருக்க முடியாது.

நான்காவது எதிர்ப்பைப் பெண்களே எழுப்புவார்கள், எழுப்ப வேண்டும். ஊசியையும் நூலையும் கொடுத்துத்தானே எங்களை வீட்டுக்குள் வைத்தார்கள், மறுபடியுமா? இதற்கு எளிதாகப் பதில் சொல்லித் தப்பிக்கக் கூடாது. நம் நினைவில் கைவேலைக்கு இரண்டு நிழல்கள் இருக்கின்றன. ஒன்று ஆதரவற்ற பெண்ணின் பிழைப்பு; சங்க காலத்துக் கைம்பெண்ணிலிருந்து, 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண்மணியிடம் லேஸ் பின்னக் கற்ற ஏழைப் பெண்கள் வரை அந்த நிழல் நீள்கிறது. மற்றது கல்யாணச் சந்தை. பெண்ணுக்குப் பாட்டுத் தெரியும், கோலம் வரும், எம்பிராய்டரி போடுவாள் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லும் பட்டியலில் ஊசியும் ஒன்றாக இருந்தது. பசிக்காகவும் செய்தார்கள், பிறர் மெச்சுவதற்காகவும் செய்தார்கள். தனக்காகச் செய்த பெண் எத்தனை பேர்? ஆகவே சொல்கிறேன்: தன் சம்பளத்தில் நூல் வாங்கி, தனக்குப் பிடித்ததைத் தன் நேரத்தில் பின்னி, பிடிக்காவிட்டால் பாதியில் விட்டுவிடுகிற பெண் நம் வரலாற்றில் மிகப் புதியவள். அவளைப் பழமைக்குத் திரும்புகிறாள் என்பது அநியாயம். ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. பெரு நாட்டின் டிட்டிகாக்கா ஏரியில் தாக்கீலே என்ற தீவு இருக்கிறது. அங்கே பின்னுவது ஆண்கள். அவர்களுடைய துணிக்கலையை யுனெஸ்கோ மானுடத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக ஏற்றிருக்கிறது. இங்கேயோ உயர்நிலைப் பள்ளியின் தொடக்க வகுப்புகளில் வடிவமைப்புத் தொழில்நுட்பம் ஆண், பெண் இரு பாலருக்கும் பாடம். பள்ளி கற்றுக்கொடுக்கிற சமத்துவத்தை வீட்டில் மகன் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கி நாம் கெடுக்காமல் இருந்தால் போதும்.

இந்தத் தீவிலேயே ஊசி செய்த வேலையை மறக்கலாமா? 1942இல் ஜப்பானியர் பிடித்து அடைத்த சாங்கி சிறையில் நானூறுக்கும் மேற்பட்ட பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். கணவன்மார் வேறு பகுதியிலோ வேறு முகாமிலோ இருந்தார்கள். உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாது. செய்தி அனுப்பத் தடை. கனடாவைச் சேர்ந்த செஞ்சிலுவைச் சங்க ஊழியர் எதல் மல்வேனி ஒரு யோசனை சொன்னார்: காயம்பட்டவர்களுக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைப்போம். ஒவ்வொரு போர்வையிலும் 66 சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு பெண்ணின் பூவேலை, பல சதுரங்களில் அவள் பெயர். அந்தப் போர்வை மருத்துவமனைக்குப் போனபோது, பெயரைப் படித்தவனுக்கு அவள் உயிரோடு இருப்பது தெரிந்தது. அதே சிறையில் சாரணச் சிறுமிகள் தங்கள் தலைவிக்குப் பிறந்தநாள் பரிசாகக் கந்தல் துண்டுகளை அறுகோணமாக வெட்டி இன்னொரு போர்வை தைத்தார்கள்; அது இன்று லண்டனில் உள்ள போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் பெண்கள் தையலைத் தொழிலாகக் கற்றவர்களா? இல்லை. மாலைப்பொழுதில் பழகிய பூவேலை, பேச்சும் எழுத்தும் பறிக்கப்பட்ட நாளில் அவர்களுக்குக் கடிதமாக உதவியது. 2020இல் தொற்று நம் கதவைச் சாத்தியபோதும், வீட்டு மூலையில் உறை போட்டு வைத்திருந்த தையல் இயந்திரங்கள் முகக்கவசம் தைக்க விழித்துக்கொண்டதை இங்குள்ள பலர் அறிவீர்கள்.

உடல்நலம், மனநலம் பற்றிப் பேசாமல் இத்தலைப்பை யாரும் முடிக்கவிடமாட்டார்கள். 2013இல் பிரிட்டிஷ் தொழில்வழி மருத்துவ இதழ் ஒன்றில் 3,545 பின்னல்காரர்களிடம் எடுத்த ஆய்வு வெளிவந்தது; அடிக்கடி பின்னுகிறவர்கள் அமைதியாகவும் மகிழ்ச்சியாகவும் இருப்பதாகச் சொன்னார்கள். 2011இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 70 முதல் 89 வயது வரையுள்ள 1,321 பேரைப் பார்த்தார்கள். பின்னல், தையல் போன்ற கைவேலை செய்பவர்களிடம் லேசான அறிவுத்திறன் குறைபாடு குறைவாகக் காணப்பட்டது. கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். பின்னினால் மறதி வராது என்று இந்த ஆய்வுகள் நிறுவவில்லை. மூளை நன்றாக இருப்பதால் பின்னுகிறார்களோ என்னவோ, அதுவும் இருக்கலாம். கைவேலையை மருந்துச்சீட்டாக ஆக்கிவிட்டால், பலன் தெரியாத அன்றே ஊசியைத் தூக்கி எறிந்துவிடுவோம். 2030க்குள் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார். அந்த மூத்தோருக்கு நோய்த்தடுப்பு என்று சொல்லி நூலைக் கொடுப்பதைவிட, அழகான வேலை ஒன்று இருக்கிறது, கற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்பது கௌரவமாக இருக்கும்.

என் கட்சிக்காரர்களிடமும் குறை இல்லாமல் இல்லை. அக்ரிலிக் நூல் பிளாஸ்டிக்தான். அதில் பொம்மைகளைப் பின்னிக் குவித்துவிட்டு இயற்கையைக் காக்கிறோம் என்று பேச முடியாது. பின்னுவது ஒரு பொழுதுபோக்கு, நூல் வாங்கிச் சேர்ப்பது வேறொரு பொழுதுபோக்கு என்பதும் அலமாரியைத் திறந்தால் தெரிந்துவிடும். சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க்கிலும் அராப் ஸ்திரீட்டிலும் நூலும் மணியும் லேஸும் விற்கும் கடைகளுக்குள் போய் வெறுங்கையோடு திரும்பியவரைக் கண்டுபிடிப்பது கடினம். இதை ஒப்புக்கொண்டு மேலே போகிறேன்.

கடைசியாக, பாராட்டு என்ற பெயரில் நாம் செய்யும் ஒரு கெடுதல். யாராவது தாம் பின்னிய பையையோ ஆரி வேலை போட்ட ரவிக்கையையோ காட்டினால் உடனே நம் வாயில் வருவது என்ன? “அக்கா, இவ்வளவு நல்லா வருதே, இதை விக்கலாமே!” அன்போடு சொல்வதுதான். ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது? காசு வராத வேலை முழுமையான வேலை இல்லை என்ற எண்ணம் இருக்கிறது. அந்த அக்கா சொல்லைக் கேட்டு விற்கத் தொடங்கினால் என்ன ஆகும்? முப்பது மணி நேர வேலைக்கு நாற்பது வெள்ளி சொன்னால் விலை அதிகம் என்பார்கள். ஒரே நிறத்தில் பத்து கேட்பார்கள். புதிதாக ஒன்று முயன்று பார்த்துப் பிரித்துப்போடும் சுதந்திரம் போய்விடும். தாகூர் அஞ்சிய மழுக்கம் அப்போதுதான் வரும். விற்று வாழ விரும்புகிறவர்கள் விற்கட்டும். அது மதிப்புக்குரிய தொழில், அவர்களுக்கு உரிய விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். விற்க விரும்பாதவர்களை அந்தப் பக்கம் தள்ளாதீர்கள். லோரோங் தாவாஸ் சூளைக்கு விறகு போடுகிற வார இறுதிக் குயவரிடம் கோப்பைக்கு என்ன லாபம் என்று கேட்டிருந்தால் அவர் எப்போதோ வீட்டுக்குப் போயிருப்பார்.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். சமூக மன்றங்களையும் நூலகங்களையும் நடத்துகிறவர்களுக்கு: கட்டணப் பயிற்சி வகுப்பு நல்லதுதான், அதோடு வாரத்தில் ஒரு மாலை, ஆசிரியரும் பாடத்திட்டமும் சான்றிதழும் இல்லாமல், ஒரு நீள மேசையும் நல்ல விளக்கும் நாற்காலிகளும் போட்டுக் கொடுங்கள். வருகிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக்கொள்வார்கள். நோன்யா மணிவேலை தெரிந்த அண்டைவீட்டாரும் சிவன் கண் கூடை தெரிந்த நம் அக்காவும் அதே மேசையில் உட்காரட்டும். பெற்றோருக்கு: பிள்ளை கையில் ஒரு தக்ளியோ கொக்கி ஊசியோ இருந்தால் அது எந்தத் தேர்வுக்கு உதவும் என்று கேட்காதீர்கள். மற்ற எல்லாருக்கும்: அடுத்த முறை உங்கள் புளோக்கில் யாராவது தாம் செய்த ஒன்றைக் காட்டினால் விலை கேட்காதீர்கள். எத்தனை நாள் ஆயிற்று, எந்த இடத்தில் பிரித்தீர்கள், எந்தக் கண்ணி கஷ்டமாக இருந்தது என்று கேளுங்கள். நேரமிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள்.